சப்வூஃபர் துளை கோணிப்போனால் பட்டி பூசாதீர்கள், மரம் வையுங்கள்

போன மாதம் ஒரு தம்பி, தானே செய்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே 12 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர். "அண்ணே, ஸ்பீக்கர் போயிடுச்சு போல. சத்தம் கூட்டினா உஸ்ஸுன்னு காத்து அடிக்குது, பேஸ் எழும்பவே மாட்டேங்குது" என்றார். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரேமைச் சுற்றி சிலிகான் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. எட்டு ஸ்க்ரூவில் மூன்று, திருகத் திருகச் சும்மாவே சுற்றின. கழற்றிப் பார்த்தேன். துளை ஒரு பக்கம் வீங்கி, இன்னொரு பக்கம் பல் பல்லாக நின்றது. வீங்கிய பக்கத்தில் ஃப்ரேம் உட்கார 3 மில்லிமீட்டர் மரம்தான் மிச்சம்.

இப்படி வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் கதை இதுதான். மரவேலையில் நேர்ந்த தப்புக்கு ஸ்பீக்கர் மேல் பழி போடுகிறார்கள். பேஸ் குறைகிறதே என்று ஆம்ப்ளிஃபையரை இன்னும் முறுக்குகிறார்கள். கடைசியில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகுகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கரின் முன்பக்கம் துடிக்கும் கூம்பான கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டும் ஒரு சந்து வழியாகச் சந்தித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தாழ்ந்த ஒலியில்தான் இந்த இழப்பு அதிகம். மூடிய பெட்டியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். 1954இல் எட்கர் வில்ச்சர் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தில் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான் சின்னப் பெட்டியில் ஆழமான பேஸைக் கொடுத்தது. பெட்டி கசிந்தால் அந்த ஸ்பிரிங் தளர்கிறது, கோன் போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய் அடிபடுகிறது.

விசையையும் கொஞ்சம் பாருங்கள். 12 அங்குலக் கோனின் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். அது 10 மில்லிமீட்டர் உள்ளே வந்தால் அரை லிட்டர் காற்றை அழுத்துகிறது. பெட்டி 35 லிட்டர் என்றால் உள்ளழுத்தம் சுமார் 2 சதவீதம் ஏறும். கோன் மேல் அது கிட்டத்தட்ட 10 கிலோ எடை வைத்ததற்குச் சமம். 30 ஹெர்ட்ஸில் இந்தத் தள்ளலும் இழுவையும் நொடிக்கு 30 தடவை. அந்த உலுக்கலைத் தாங்க வேண்டியது எட்டு ஸ்க்ரூவும் அவை கடித்திருக்கும் மரமும். பட்டி தாங்காது, சிலிகானும் தாங்காது.

தப்பு எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் அளவு டேப் வைக்கும் இடத்திலேயே. 12 அங்குலம் என்பது ஸ்பீக்கரின் பெயர், துளையின் அளவு அல்ல. வெளி விளிம்பு 310 மில்லிமீட்டரை ஒட்டி வரும். துளை 280 சுற்றி வரும். மாடலுக்கு மாடல் மாறும். 12 அங்குலம் என்று நினைத்து 305க்கு வெட்டினால் ஸ்க்ரூ போட வேண்டிய இடமெல்லாம் வெறும் காற்று. சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் ரௌட்டரில் வெட்டுகிறவர்கள் செய்வது வேறு தப்பு. நடு ஆணியிலிருந்து பிட்டின் எந்த ஓரம் வரை அளந்தோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 6 மில்லிமீட்டர் பிட் என்றால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் பிசகும். ஜிக்ஸா என்னும் சிறு அறுப்பு மெஷினில் பிளேடு வளையும். மேலே கோடு பிசகாமல் இருக்கும், 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பின் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) அடியில் பார்த்தால் சாய்ந்து போயிருக்கும். வளைவில் அவசரப்பட்டுத் தள்ளினால் சாய்வு இன்னும் கூடும்.

துளை சிறுத்துவிட்டால் கவலையே வேண்டாம், அது நல்ல தப்பு. மரம் இன்னும் கையில் இருக்கிறது. ஸ்பீக்கரை மட்டும் தட்டி உள்ளே இறக்காதீர்கள். ஃப்ரேம் நெளிந்தால் காயில் உரசும். நடுப்புள்ளி காணாமல் போயிருக்கும், கவராயத்தை எங்கே ஊன்றுவது என்று கேட்பார்கள். துளையின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை முன்பலகையோடு மட்டமாக நிற்கும்படி சூட்டுப்பசையால் ஒட்டுங்கள், அதில் புது நடுவைக் குறித்து வட்டம் போடுங்கள். பிறகு முரட்டு அரத்தால் கோடு வரை இழைத்தால் போதும். கை நிதானமில்லாதவர்கள் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் சரியான வட்டத்தை முதலில் வெட்டி, அதை மேலே பொருத்தி, பேரிங் வைத்த ரௌட்டர் பிட்டை அதன் ஓரமாக ஓட்டலாம்.

பெரிதாகப் போன துளைதான் மனசை ஒடிக்கும். பெட்டியையே தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. நான் எப்போதும் சொல்வது, முன்பக்கம் முழுக்க இன்னொரு 18 மில்லிமீட்டர் பலகை. புதுப் பலகையில் துளையைச் சரியாக வெட்டி, அளவு சரிதானா என்று ஸ்பீக்கரை இறக்கிப் பார்த்து, அதன்பின் மரப்பசை தடவி கிளாம்ப் போட்டு ஒட்டுங்கள். பழைய பலகையில் பெயிண்ட் அல்லது மைக்கா இருந்தால் பசை பிடிக்காது. உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்துவிட வேண்டும். பழைய கோணல் பின்னால் மறைந்துவிடும், ஸ்க்ரூவுக்குப் புது மரம் கிடைக்கும், முன்பலகையும் இரட்டைத் தடிமனாகி அதிர்வு குறையும். தம்பியின் பெட்டிக்கும் இதைத்தான் செய்தேன்.

ஸ்க்ரூவுக்காகப் பலகையின் பின்னால் பதிக்கும் தட்டு வைத்த நட்டான டி-நட் போடுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே புதுப் பலகையின் பின்பக்கம் அடித்துவிடுங்கள். அதன் தட்டு பழைய துளையின் ஓரத்தில் முட்டும். முட்டும் இடங்களைப் பழைய பலகையில் அரத்தால் பள்ளமாக்க வேண்டும். இதை மறந்து பசை தடவிவிட்டால் இரண்டு பலகையும் ஒட்டாமல் நிற்கும், பசையோ காய்ந்துகொண்டிருக்கும்.

வெளியே 18 மில்லிமீட்டர் நீட்ட இடமில்லை என்றால் உள்பக்கமாக வளையம் ஒட்டலாம். 330 வெளிவிட்டம், 280 உள்விட்டம், 18 தடிமன் வளையம் எடுத்துக்கொள்ளும் இடம் அரை லிட்டருக்கும் குறைவு. 35 லிட்டர் பெட்டியில் அது காதுக்குத் தெரியாது. முழு வளையம் துளை வழியாக உள்ளே போகாது, இரண்டு பாதியாக அறுத்து உள்ளே விட்டு இணைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் 18 மில்லிமீட்டர் பள்ளத்தில் போய் உட்காருமே என்றால், ஆமாம், உட்காரும். அப்படி உட்கார பழைய துளை ஃப்ரேமின் வெளி விளிம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பாதி விளிம்பு மேலேயும் பாதி பள்ளத்திலும் நிற்குமானால் இந்த வழி உங்களுக்கு ஆகாது.

தடித்த பலகையில் இன்னொன்றைக் கவனியுங்கள். கோனுக்குப் பின்னால் ஃப்ரேமில் ஜன்னல்கள் இருக்கும். 36 மில்லிமீட்டர் மரம் அந்த ஜன்னல்களை அடைத்தால் கோன் மூச்சுத் திணறும். துளையின் உள் ஓரத்தை 45 டிகிரிக்குச் சரித்து விடுங்கள், ஸ்க்ரூ வரும் எட்டு இடங்களை மட்டும் தொடாமல்.

வட்டம் சரி, ஸ்க்ரூ துளை மட்டும் அழிந்துவிட்டது என்றால் வேலை சின்னது. துளையை 10 மில்லிமீட்டராகப் பெருக்கி, பசை தடவிய மர ஆணியை அடித்து, காய்ந்ததும் மட்டமாக அறுத்துப் புதிதாகத் துளையிடுங்கள். எம்டிஎஃப்பில் முன்கூட்டியே இடும் சிறு பைலட் துளை இல்லாமல் ஸ்க்ரூ ஏற்றினால் மேடு எழும்பும். ஃப்ரேம் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து, சுற்றிலும் காற்று வழி விடும். பட்டிக்கும் வேலை உண்டு: விளிம்பில் 2, 3 மில்லிமீட்டர் பல்லை மட்டமாக்க. ஸ்க்ரூ கடிக்கும் இடத்தில் மட்டும் கூடாது.

சிலிகானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காயும்போது வினிகர் வாடை வருகிறதே, அந்த வகை அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. செம்பு அரிக்கும். தம்பியின் ஸ்பீக்கரில் காயிலுக்குப் போகும் பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தது. பெட்டியின் உள்மூலைகளை அடைக்க அந்த அமிலம் விடாத நியூட்ரல் வகை வாங்கி, முழுக்கக் காய்ந்தபின் ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஃப்ரேமுக்கு அடியில் காற்று ஊடுருவாத, மூடிய துளை கொண்ட ஃபோம் டேப் போதும். நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தால் எதுவும் கிழியாது.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் ஸ்பீக்கர் வேறு அறையில் இருக்கட்டும். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே முடியளவு இடைவெளிதான். தூள் புகுந்தால் கரகரப்பு வரும், இரும்புத் துகள் என்றால் காந்தம் விடவே விடாது. உங்கள் நுரையீரலும் அப்படித்தான். மரத்தூளையும் ஃபார்மால்டிஹைடையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்டிஎஃப் தூளில் மரமும் அந்த ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசினும் இருக்கின்றன. முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதாது, என்95 மாஸ்க் போடுங்கள், வெளியில் வைத்துத் தேயுங்கள்.

மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ, அதற்கு நேர் எதிர் ஸ்க்ரூ என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூடிய பெட்டியென்றால் இரண்டு கைவிரல்களையும் பரப்பி, கோனை நேராக மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் நல்லது. டக்கென்று குதித்தால் எங்கோ கசிகிறது. குறைந்த சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஈரக்கையை விளிம்பில் சுற்றிக் கொண்டுபோனால் இடம் தெரிந்துவிடும்.

ஒரு வாரம் பாட்டு ஓடியபின் ஃபோம் அமுங்கியிருக்கும். தம்பி அப்போது ஒரு தடவை பெட்டியோடு வந்தார். எட்டு ஸ்க்ரூவும் ஆளுக்குக் கால் சுற்று வாங்கின, ஒன்றும் சும்மா சுற்றவில்லை.