அந்த மணி எந்த மணி? பழைய ஜாதகங்களும் நேரக் குழப்பமும்

தாத்தா, பாட்டி காலத்து ஜாதக நோட்டைக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புகாரையும் கூடவே கொண்டு வருகிறார்கள். "நோட்டில் கும்ப லக்னம் என்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் மீனம் வருகிறது. அந்தக் காலத்து ஜோசியர் தப்பாகக் கணித்துவிட்டார் போல." நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தால், பல சமயம் அந்த ஜோசியர் சரியாகவே போட்டிருப்பார். இன்றைக்கு நாம் அந்த மணியை வாசித்த விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

கடிகார மணி என்பது அரசாங்கம் அவ்வப்போது வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. சூரிய உதயம் அதைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசிப் புள்ளி, 4 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சத்தில் லக்னம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒரு முறை வீடு மாறிவிடும். சந்திரன் மெதுவாகத்தான் போகிறான், ஒரு மணி நேரத்துக்கு அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல். ஆனால் தசா இருப்பில், அதாவது பிறக்கும்போது நடக்கிற தசையில் மீதி இருக்கும் காலத்தில், அது பெரிதாகத் தெரியும். பரணி, பூரம், பூராடத்தில் பிறந்து சுக்கிர தசை ஆரம்பம் என்றால், பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் பிசகினால் கர்ப்பச் செல் (பிறப்புக்கு முன்பே கழிந்த தசைக் காலம்) நீக்கி நின்ற இருப்பில் சுமார் 10 மாதம் பிசகும். அதற்குப் பிறகு வருகிற தசை, புத்தி எல்லாமே அந்த 10 மாதத்தைச் சுமந்துகொண்டுதான் வரும்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தவர்களின் ஜாதகங்கள். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்த நாம் ஆறரை மணி முன்னால் போனோம். யுத்தகால நேரம் என்று இதைச் சொல்வோம். அப்போது பிறந்தவர்களுக்கு இன்று 80 வயது தாண்டியாயிற்று. ஆயுள் பார்க்கவோ, சதாபிஷேகத்துக்கு நாள் குறிக்கவோ அந்த நோட்டு வெளியே வருகிறது.

உடனே "அந்த வருடங்களா, ஒரு மணி நேரத்தைக் கழித்துப் போடு" என்று கிளம்பிவிடக் கூடாது. விவரம் தெரிந்த ஜோதிடர் அன்றைக்கே கழித்து, பழைய மணியாகவே எழுதியிருக்கலாம். நாம் இன்னொரு முறை கழித்தால் சரியான ஜாதகத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம்.

இதைக் கண்டுபிடிக்க நோட்டிலேயே வழி இருக்கிறது. பழைய ஜாதகங்களில் கடிகார மணியோடு உதயாதி நாழிகையும் எழுதியிருப்பார்கள், அதாவது சூரிய உதயத்திலிருந்து பிறப்பு வரை சென்ற நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். மணியிலிருந்து நாழிகையைக் கழித்தால், எழுதியவர் சூரிய உதயத்தை எத்தனை மணிக்கு வைத்துக்கொண்டார் என்பது வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மதுரை, 1944 ஜனவரி 10, காலை 10.50, உதயாதி நாழிகை 8 என்று நோட்டில் இருக்கிறது. 8 நாழிகை என்றால் 3 மணி 12 நிமிடம். 10.50-இல் கழித்தால் 7.38. ஜனவரி 10 அன்று மதுரையில் இந்திய நேரப்படி சூரியன் உதிப்பது சுமார் 6.38-க்கு. சரியாக ஒரு மணி நேரம் அதிகம். ஆகவே 10.50 என்பது யுத்தகால மணி, உண்மையான இந்திய நேரம் 9.50. அதைப் போட்டால் லக்னம் கும்பத்தின் நடுவில் விழும். 10.50-ஐ அப்படியே இந்திய நேரமாக எடுத்துக்கொண்டால் மீனத்துக்குள் 3 பாகை போய்விடும். மேலே சொன்ன புகார் இப்படித்தான் பிறக்கிறது.

இதே கணக்கில் விடை 6.38 என்று வந்திருந்தால், எழுதியவர் யுத்த மணியை ஏற்கெனவே கழித்துவிட்டார், கை வைக்க வேண்டாம். 6.20 என்று வந்திருந்தால் அது மதுரையின் சுதேச மணி, அதாவது அந்த ஊரின் சொந்த நேரம். அப்புறம் ஒரு ரகம் உண்டு: எந்த மாதமானாலும் உதயம் 6.00 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள். அந்த நோட்டுகளில் நாழிகையை நம்பி அதிக தூரம் போக முடியாது. ஐந்து பத்து நிமிட வித்தியாசத்துக்கும் அலட்டிக்கொள்ள வேண்டாம். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் உதயம் அந்த அளவு மாறும். சூரியனின் மேல் விளிம்பைப் பார்ப்பதா நடுவைப் பார்ப்பதா என்பதிலேயே நிமிடங்கள் போய்விடும். நாம் தேடுவது முழு ஒரு மணி நேரத்தை.

சுதேச மணி என்றேன் அல்லவா, அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. மதுரை 78 பாகை 7 கலையில் இருக்கிறது (60 கலை ஒரு பாகை). பாகைக்கு 4 நிமிடம் வீதம் மதுரையின் சொந்த நேரம் பதினேழரை நிமிடம் பின்தங்கும். கோயம்புத்தூருக்கு 22 நிமிடம், சென்னைக்கு 9 நிமிடம். கையால் கணிக்கும்போது இதைக் கழித்துத்தான் ஆரம்பிப்போம். சாஃப்ட்வேருக்கு அது தேவையில்லை. தீர்க்கரேகையைக் கொடுத்தவுடன் தானே பார்த்துக்கொள்ளும். பழக்க தோஷத்தில் கையால் ஒரு முறை கழித்துவிட்டு, அந்த மணியைச் சாஃப்ட்வேரிலும் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதுரைப் பிறப்பானால் லக்னம் நாலு பாகைக்கு மேல் பின்னால் போகும், நவாம்ச லக்னம் அநேகமாக எப்போதும் மாறிவிடும்.

1906 ஜனவரி 1-க்கு முன்னால் இந்திய நேரம் என்று ஒன்றே கிடையாது. ரயில்வேக்குச் சென்னை வானாய்வுக்கூடத்தின் மணி, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். ஊர்களில் அவரவர் உதயம், அவரவர் உச்சி. அந்தக் காலத்து ஓலையோ நோட்டோ கிடைத்தால் கடிகாரத்தை மறந்துவிட்டு நாழிகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறந்த ஊரும் தேதியும் தெரிந்தால் அன்றைய உதயத்தைக் கணித்து, நாழிகையைக் கூட்டி நேரே லக்னத்துக்குப் போய்விடலாம். எந்த அரசாங்கம் எந்த மணியை மாற்றியிருந்தாலும் அது பாதிக்காது. என்னைக் கேட்டால், உதயாதி நாழிகை எழுதும் பழக்கத்தை நாம் விட்டதுதான் பெரிய நஷ்டம்.

ஆனால் நாளைக் கவனிக்க வேண்டும். நமக்கு நாள் தொடங்குவது உதயத்தில். நடுராத்திரி 12 மணிக்கு இல்லை. "திங்கட்கிழமை ராத்திரி, விடிந்தால் செவ்வாய்" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். தமிழ்த் தேதியும் கிழமையும் மட்டும் பார்த்து இங்கிலீஷ் தேதி எழுதும்போது, பின்னிரவுப் பிறப்புகள் ஒரு நாள் முந்திய தேதிக்குப் போய்விடும். நாழிகை 45-க்கு மேல் இருந்தால் தேதியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது இலங்கை. போர்க்கால மாற்றம் அங்கே இரண்டு தவணையாக வந்தது: 1942 ஜனவரி 5-இல் அரை மணி, அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் இன்னொரு அரை மணி. அது பழைய கதை. இன்றைக்குக் கல்யாணப் பொருத்தத்துக்கு வருகிற பிள்ளைகளைத் தொடுவது 1996-இல் நடந்த மாற்றம். மின்சாரத் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு மே 25-இல் இலங்கை ஒரு மணி நேரம் முன்னே போனது. அக்டோபர் 26-இல் அரை மணி பின்னே வந்து, கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னால் என்று நின்றது. 2006 ஏப்ரல் 15-இல்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது.

ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய ஐந்தரை மணிக் கணக்கே தொடர்ந்தது. ஆக, 2001-இல் கிளிநொச்சியில் காலை 8 மணி என்பதும், அதே நாள் வவுனியா ஆஸ்பத்திரியில் காலை 8 மணி என்பதும் அரை மணி இடைவெளி உள்ள இரு வேறு நேரங்கள். சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. இலங்கை என்று கொடுத்தால் எல்லா ஊருக்கும் ஒரே கணக்கைத்தான் போடும். அதனால் இந்தப் பத்து வருட இடைவெளியில் வடக்கு, கிழக்கில் பிறந்தவர் என்றால் ஊர் பெயரோடு நிறுத்தாமல், அப்போது அந்த இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது, குறித்தது வீட்டுக் கடிகாரமா அரச ஆஸ்பத்திரிக் கடிகாரமா என்றும் கேட்கிறேன். கேட்பதற்குக் கொஞ்சம் சங்கடமான கேள்விதான். இடம்பெயர்ந்து கொண்டிருந்த நாட்களில் பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாயிடம் கேட்கிறோம். ஆனால் பெரும்பாலான அம்மாக்களுக்கு "பழைய நேரம்", "புது நேரம்" என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறது. பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது. கனடாவிலோ பிரான்சிலோ வளர்ந்தவர்கள், கைபேசியில் வந்ததைக் காட்டுவார்கள். அம்மா இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மலேசியா, சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு முக்கியமான தேதி 1982 ஜனவரி 1. அன்றிலிருந்துதான் அங்கே கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் என்ற கணக்கு. அதற்கு முன், போர் முடிந்த 1945-இலிருந்து ஏழரை. 1970-இல் கோலாலம்பூரில் பிறந்தவருக்கு எட்டு என்று போட்டால் அரை மணி போச்சு. 1933 முதல் 1941 ஆகஸ்ட் வரை 7 மணி 20 நிமிடம் என்று ஒரு கணக்கு இருந்தது. ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தில் டோக்கியோ மணி, அதாவது ஒன்பது. அந்தக் கால ஆவணத்தில் ஆண்டு 2603 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் அது 1943.

பர்மாவிலும் ஜப்பானிய ஆட்சியில் டோக்கியோ மணிதான் ஓடியது. பம்பாய், கல்கத்தா நகரங்கள் 1906-க்குப் பிறகும் வெகுகாலம் தங்கள் சொந்த மணியை விடவில்லை. பம்பாய் மணி இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்னால், கல்கத்தா மணி சுமார் 24 நிமிடம் முன்னால். ரயில் ஒரு மணியில், நகரம் ஒரு மணியில். நாற்பதுகளுக்கு முன் அந்த ஊர்களில் பிறந்த ஜாதகம் என்றால் மேலே சொன்ன உதயச் சோதனையைச் செய்யாமல் தொடக்கூடாது.

சாஃப்ட்வேரைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. பல சாஃப்ட்வேர்களும் ஆப்களும் உலக நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்றைப் பின்பற்றுகின்றன. அதில் இந்தியா முழுமைக்கும் ஒரே பட்டியல், அதுவும் கல்கத்தா பெயரில். அந்தப் பட்டியலில் 1941 அக்டோபர் முதல் 1942 மே 15 வரையிலும் ஒரு மணி நேரம் கூட்டப்பட்டிருக்கிறது. அந்த மாதங்களில் தமிழ்நாட்டில் பிறந்த ஜாதகத்தை ஆப்பில் போட்டுவிட்டு, அது சொன்னபடி விட்டுவிடாதீர்கள். நோட்டின் நாழிகையோடு ஒத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு யுத்த நேரம் என்று தனியாக ஒரு கட்டம் இருந்து அதிலும் டிக் அடித்தால், இரண்டு மணி நேரம் கழிந்துவிடும்.

இரண்டாவது, புள்ளி. ஏழரை மணி என்பதைச் சில சாஃப்ட்வேர் 7.30 என்று வாங்கும், சில 7.5 என்று வாங்கும். தசமக் கணக்கில் வாங்குகிற இடத்தில் 7.30 என்று அடித்தால் அது 7 மணி 18 நிமிடம். அது எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது; அழகாக ஒரு ஜாதகத்தை அச்சடித்துக் கொடுக்கும். கணித்து முடித்ததும் அது காட்டுகிற சூரிய உதயத்தைப் பாருங்கள். அந்த ஊருக்கும் மாதத்துக்கும் பொருந்தாத உதயம் தெரிந்தால் உள்ளே எங்கோ மணி பிசகியிருக்கிறது.

இன்று புதிதாக எழுதும் ஜாதகத்தில் பிறந்த மணிக்குப் பக்கத்திலேயே "கிரீன்விச்சுக்கு இத்தனை மணி முன்னால்" என்று ஒரு குறிப்பும், அன்றைய உதயமும், உதயாதி நாழிகையும் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு வரிதான். நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், மணி இருக்காது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஜாதகம் கேட்டு வருகிறவர்கள் கோடை நேரமா குளிர்கால நேரமா என்று கேட்டுக்கொண்டு வரட்டும். பிரிட்டனில் 1968 அக்டோபர் 27 முதல் 1971 அக்டோபர் 31 வரை குளிர்காலத்திலும் மணி முன்னேயே இருந்தது, அதையும் பார்க்க வேண்டும். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பி வைப்பார்கள். அன்று 1.30-க்குப் பிறந்த குழந்தை என்றால் முதல் 1.30-ஆ, இரண்டாவது 1.30-ஆ என்று பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.