சுறாவுக்கு முந்நூறு மீட்டர், நமக்கு முப்பது

பிலிப்பைன்ஸில் செபு தீவின் வடமுனைக்குச் சற்று அப்பால் மலாபாஸ்குவா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து டைவர்கள் அங்கே போவது பெரும்பாலும் ஒரே ஒரு மீனுக்காகத்தான்: திரெஷர் சுறா. உடம்பு எவ்வளவு நீளமோ, வாலும் ஏறக்குறைய அவ்வளவு நீளம். மூன்று மீட்டர் சுறா என்றால் அதில் பாதி வால்.

இருட்டு கலையுமுன்பே படகு கிளம்பிவிடும். பல ஆண்டுகளாகப் போன இடம் மோனாட் ஷோல் என்ற கடலடி மேடு. சுற்றிலும் கடல் 200 மீட்டருக்கும் மேல் ஆழம். நடுவில் எழுந்து நிற்கும் இந்த மேட்டின் தலைப்பகுதி மட்டும் 15 முதல் 25 மீட்டர் ஆழத்தில் தட்டையாகக் கிடக்கிறது. டைவர்கள் அதன் விளிம்பில், 25–30 மீட்டர் ஆழத்தில், அசையாமல் காத்திருப்பார்கள். சுறா வரும், வராமலும் போகும். எப்படியானாலும் இருபது நிமிடம் சொச்சத்தில் மேலே கிளம்பியாக வேண்டும்.

அந்தச் சுறாவோ பகலெல்லாம் 200 மீட்டருக்கும் கீழே இருந்துவிட்டு, இருட்டிய பிறகு மேலேறி, மறுபடி இறங்குகிறது. முந்நூறு மீட்டர் வரை அது போவது பதிவாகியிருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. நமக்கு முப்பது மீட்டரிலேயே நிமிடக் கணக்கு. ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

ஆழம் அதிகமானால் அழுத்தம் உடம்பை நசுக்கிவிடும், சுறாவின் உடம்பு கெட்டியானது, அதனால் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்; தண்ணீரை அழுத்தினால் அது சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். சுருங்குவது காற்று. நுரையீரல், காதுக்குள் இருக்கும் அறை, முகத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள குழிகள், இவைதான் நம்மிடம் காற்று இருக்கும் இடங்கள். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முப்பது மீட்டரில், மேலே இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, நான்கு. அந்த அழுத்தத்தில் வெறும் குழாய் வழியாக மேலிருந்து காற்றை இழுக்க முடியாது. ஒரு மீட்டருக்குக் கீழே போனாலே நெஞ்சுத் தசைகளுக்கு அந்தப் பலம் போதாது. அதனால்தான் ரெகுலேட்டர் தேவைப்படுகிறது. சுற்றியுள்ள தண்ணீர் எந்த அழுத்தத்தில் இருக்கிறதோ அதே அழுத்தத்தில் அது காற்றை வாய்க்குள் தருகிறது. 1943-இல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய கருவியின் சூட்சுமம் இதுதான். இன்றைய ரெகுலேட்டர்களும் அந்த வழிதான்.

மூச்சுவிடும் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்கு விலை உண்டு. நான்கு மடங்கு அழுத்தத்தில் உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று இருக்கிறது.

சிலிண்டர் கணக்கைப் பார்ப்போம். வழக்கமான சிலிண்டர் 12 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பினால் மேற்பரப்புக் கணக்கில் 2,400 லிட்டர் காற்று. அவசரத்துக்கென்று 50 பார், அதாவது 600 லிட்டரைத் தொடக்கூடாது. மிச்சம் 1,800. நிதானமாக நீந்தும் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், முப்பது மீட்டரில் 80 லிட்டர். வகுத்தால் 22 நிமிடம். இறங்க, ஏறச் செலவாகும் காற்றை இன்னும் கழிக்கவில்லை. சுறாவைக் கண்ட படபடப்பில் மூச்சு வேகமாக ஓடினால் அதுவும் குறையும்.

சரி, பெரிய சிலிண்டர் கொண்டுபோகலாமே? அங்கேதான் நைட்ரஜன் குறுக்கே நிற்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அது எதற்கும் தேவையில்லை. உள்ளே வந்து அப்படியே வெளியே போய்விடும். ஆனால் அழுத்தம் கூடினால் நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கரைகிறது. ரத்தம் அதைத் தசை, கொழுப்பு, மூட்டு, முதுகுத்தண்டு என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கீழே இருக்கும்வரை ஒரு தொந்தரவும் தெரியாது. வேகமாக மேலே வந்தால்தான் வினை. கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குகிறதே, அதுபோல அழுத்தம் சட்டென்று குறைந்தால் கரைந்திருந்த வாயு குமிழியாக வெளிவரும். குமிழி மூட்டில் வந்தால் தாங்க முடியாத வலி. முதுகுத்தண்டில் வந்தால் கால் செயலிழக்கலாம்.

இது டைவர்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 1870-களில் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் போட, அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் ஆற்றடியில் வேலை செய்தவர்கள் இதே வலியால் துடித்தார்கள். தலைமைப் பொறியாளரான வாஷிங்டன் ரோப்ளிங்கையும் அது படுக்கையில் தள்ளியது. நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்பதை பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் 1878-இல் நிறுவினார். எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற கணக்கை பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போட்டுக் கொடுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்து, பிறகு அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். வலி வந்த ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். பேச முடியாத பிராணியின் அந்த ஒற்றைக் காலைப் பார்த்துத்தான் எது ஆபத்தான வேகம் என்று முடிவு செய்தார்கள். 1908-இல் வெளியான அந்த அட்டவணையில் உடம்பை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்திருந்தார் ஹால்டேன். சிலவற்றில் நைட்ரஜன் சில நிமிடங்களில் பாதி நிறையும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இன்று டைவரின் மணிக்கட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் அதே சிந்தனையில்தான், திசு வகைகளைக் கூட்டிக்கொண்டு, நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறது.

முப்பது மீட்டரில் சாதாரணக் காற்றோடு இருந்தால், நைட்ரஜனை வெளியேற்ற வழியில் கட்டாயமாக நின்று நின்று ஏறாமல் மேலே திரும்ப அந்தக் கம்ப்யூட்டர் தரும் நேரம் சுமார் 20 நிமிடம். சிலிண்டர் கணக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நின்றது என்பதைக் கவனியுங்கள். மலாபாஸ்குவாவில் பலர் நைட்ராக்ஸ் கொண்டுபோவது இதனால்தான். அதில் ஆக்ஸிஜன் 32 சதவீதம், நைட்ரஜன் 68. நைட்ரஜன் குறைவதால் நேரம் அரைமணி அளவுக்கு நீள்கிறது. ஆனால் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் விஷமாகும். அந்தக் கலவையோடு 34 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. போனால் தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வரலாம். மேட்டின் விளிம்பிலிருந்து சுறா நீலத்துக்குள் சரிந்து இறங்கும்போது, கேமராவோடு இருப்பவருக்கு இன்னும் ஐந்து மீட்டர் பின்னாலேயே போனால் என்ன என்று தோன்றும். முப்பது மீட்டரில் நைட்ரஜன் மூளையையும் லேசாக மயக்குகிறது. முடிவெடுக்கும் திறன் மழுங்குவது அவருக்கே தெரியாது. ஆழ்கடல் டைவிங்கில் நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்துக்குத்தான், சுறாவுக்கு அல்ல.

இப்போது சுறாவுக்கு வருவோம். அது காற்றைச் சுவாசிப்பதில்லை. தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைச் செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மேற்பரப்பில் காற்றோடு உறவாடிக் கரைந்தது. அந்த நீர் முந்நூறு மீட்டர் கீழே போனாலும் அதிலுள்ள வாயு கூடுவதில்லை. ஆகவே சுறாவின் ரத்தத்தில் கூடுதல் நைட்ரஜன் சேர வழியே இல்லை. ஆழத்தில் நம்மைப் பாதிப்பது தண்ணீரின் அழுத்தத்தைவிட, அந்த அழுத்தத்துக்கு ஈடாக நாம் கொண்டுபோகும் காற்றுதான். மன்னார் வளைகுடாவில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கிய முத்துக்குளிப்பவர்களுக்கும் மேலே இழுத்த அந்த ஒரு மூச்சைத் தவிர வேறு காற்று உள்ளே போகவில்லை. எனவே ஒரு முக்குளிப்பில் நைட்ரஜன் பெரிதாகச் சேராது. அவர்களுடைய அச்சமெல்லாம் சுறாதான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிகள் உடன் வராவிட்டால் முத்துக்குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால், ஆங்கிலேய அரசே கடல்கட்டிகளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

சுறாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பல மீன்கள் மிதப்பதற்குக் காற்றுப்பை வைத்திருக்கின்றன. ஆழத்திலிருந்து தூண்டிலில் இழுத்த களவா மீனின் வயிறு வாய்வழியே பிதுங்கி வருவதை மீனவர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே பை ஊதிப்போனதன் விளைவு அது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரல்தான் அதைத் தாங்குகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அழுத்தினால் சுருங்குவதும் இல்லை. எனவே எந்த ஆழத்திலும் மிதப்பு ஏறக்குறைய மாறாது. ஆழத்தில் சுறாவுக்கு உண்மையான சவால் குளிர். ஹவாயில் சுத்தித்தலைச் சுறாக்கள் 800 மீட்டருக்கும் கீழே இரைதேடிப் பாயும்போது, உடல்சூடு செவுள் வழியாகப் போய்விடாமல் இருக்கச் செவுளையே மூடிக்கொள்வதாக 2023-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதாவது, மீனும் மூச்சடக்குகிறது!

இவ்வளவு சுதந்திரமாகத் திரியும் திரெஷர் சுறா எதற்காக அந்த மேட்டைத் தேடி வருகிறது? விரலளவு மீன்களுக்காக. நீலமும் கறுப்புமாகக் கோடு போட்ட துப்புரவு மீன்கள் அங்கே குடியிருக்கின்றன. பெரிய மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்பதே அவற்றின் பிழைப்பு. ஆய்வாளர் சைமன் ஆலிவரும் அவருடைய குழுவினரும் மோனாட் ஷோலில் கேமராக்கள் வைத்துப் பார்த்து 2011-இல் இதை எழுதினார்கள். சுறாக்கள் அதிகாலையில்தான் அதிகம் வருகின்றன. துப்புரவு மீன்கள் அடித்துடுப்புகளுக்கு அருகே, கழிவுத்துளையைச் சுற்றி அதிகம் மேய்கின்றன.

இங்கே சுறாவுக்கு ஒரு சங்கடம். களவா போன்ற மீன் துப்புரவுக்கு வந்தால் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கும். திரெஷர் சுறாவால் நிற்க முடியாது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் வாய்வழியே தண்ணீர் புகுந்து செவுளைக் கடக்கும். ஆகவே முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, அதே இடத்தின் மேல் வட்டமடிக்கிறது. மெதுவான ஒரு சுற்று, சின்ன மீன்கள் அடிவயிற்றுக்குப் பாய்கின்றன. சுறா விளிம்பைத் தாண்டியதும் அவை பாறைக்குத் திரும்புகின்றன. சுறா வளைந்து மறுபடி வருகிறது. மணலோடு ஒட்டிக் கிடக்கும் டைவருக்கு அதே சுறாவை நாலைந்து தடவை பார்க்கக் கிடைப்பது இதனால்தான். மங்கிய ஒளிக்குப் பழகிய அந்தப் பெரிய கண்ணில் டார்ச்சோ ஃபிளாஷோ பட்டால் அது வட்டத்தை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே இரண்டுக்கும் தடை. தடை வேண்டியதுதான். நம் படத்துக்காக ஒரு சுறா ஒட்டுண்ணியோடு திரும்பிப் போக வேண்டியதில்லை.

அந்த வாலையும் சொல்லியாக வேண்டும். செபுவின் மேற்குக் கரையில் பெஸ்கடோர் தீவருகே மத்திக் கூட்டங்களை இதே சுறாக்கள் வேட்டையாடுவதை ஆலிவர் குழுவினர் படம்பிடித்து 2013-இல் வெளியிட்டார்கள். சுறா கூட்டத்துக்குள் பாய்ந்து, மார்புத் துடுப்புகளை விரித்துச் சட்டென்று தன்னை நிறுத்தி, மூக்கைத் தாழ்த்துகிறது. பின்பக்கம் மேலெழும்பி, வால் தலைக்கு மேலாக வந்து விளாசுகிறது. வாலின் நுனி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. ஒரே அடியில் பல மத்திகள் மயங்கி விழும். சில அடிகளில் வால்நுனியருகே குமிழிகள் கிளம்பின. அங்கே அழுத்தம் அவ்வளவு வேகமாகக் குறைந்ததில், தண்ணீரில் கரைந்திருந்த வாயு வெளியே வந்துவிட்டது. டைவரின் ரத்தத்தில் நடக்கக் கூடாத அதே காரியம்தான்.

திரும்பும் பயணத்தில் டைவர் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறுவதில்லை; ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று நைட்ரஜனை வெளியேற விடுகிறார். பல நாள் டைவ் செய்தவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. மலாபாஸ்குவாவில் இப்போது ஆழக் கணக்கு மட்டும் கொஞ்சம் இளகியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் திரெஷர் சுறாக்கள் பக்கத்திலுள்ள கிமுட் ஷோலில் அதிகம் தென்படுகின்றன. மோனாடில் புலிச்சுறாக்கள் நடமாடத் தொடங்கியதுதான் காரணம் என்கிறார்கள் உள்ளூர் வழிகாட்டிகள். கிமுடில் 15 மீட்டர் ஆழத்திலேயே அவற்றைக் காணலாம். அங்கே அழுத்தம் இரண்டரை மடங்குதான். அதே சிலிண்டர் 36 நிமிடம் வரும்.

சுறாவின் நிலைமைதான் இளகவில்லை. ஒரு ஈற்றுக்கு இரண்டே குட்டிகள். பெண் சுறா குட்டி போடும் வயதுக்கு வர எட்டு ஒன்பது ஆண்டுகள். அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவே அதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் சூரை மீன்பிடிப்பை நெறிப்படுத்தும் ஆணையம் 2010-லேயே திரெஷர் சுறாவைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்தது; இலங்கையிலும் அதைப் பிடிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. ஆனால் நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்கள் தொங்கும் ஆயிரம் தூண்டிலில் அது மாட்டுவது பல சமயம் வாயில் அல்ல, வாலில். இரையை வாலால் அடிக்கும் பழக்கம் அங்கே எமனாகிறது. வாலில் மாட்டியதைப் பின்னோக்கி இழுத்தால் செவுளில் தண்ணீர் ஓடாது. படகை எட்டுமுன்பே மூச்சு முட்டிவிடும். ஆழ்கடலுக்குப் போகும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் படகுகளுக்கும் சரி, இலங்கையின் காலி, நீர்கொழும்புப் படகுகளுக்கும் சரி, இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாலில் மாட்டியது திரெஷர் என்று தெரிந்ததும் இழுப்பதை நிறுத்திவிட்டு, மேலே தூக்காமல், தூண்டிலுக்கு முடிந்தவரை பக்கத்தில் கயிற்றை அறுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது.