நிஷ்ஷெத்தா: வறுமைக்கும் கீழே ஒரு சொல்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் இரண்டாம் அத்தியாயம். பீட்டர்ஸ்பர்க்கில் படியிறங்கிப் போகவேண்டிய ஒரு சாராயக்கடை. அங்கே மார்மெலாதோவ் உட்கார்ந்திருக்கிறார். வேலை பறிபோன அரசு ஊழியர். ஐந்து இரவுகளாக நேவா நதியில் நிற்கும் வைக்கோல் படகுகளில் படுத்தவர் என்பதால் தலையிலும் உடையிலும் துரும்புகள் ஒட்டியிருக்கின்றன. கறுப்புக் கோட்டில் ஒரே ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் மறக்காமல் மாட்டியிருக்கிறார். முன்பின் தெரியாத, நாவலின் நாயகனான ரஸ்கோல்னிகோவிடம் பேச்சுக்கொடுத்த சற்று நேரத்தில் அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கையில் அகராதியோடு மட்டும் தமிழாக்கினால் இப்படி வரும்: “ஐயா, வறுமை இழுக்கல்ல, அது உண்மை. ஆனால் வறுமை, ஐயா, வறுமை இழுக்குதான்.”

குடிகாரன் பேச்சு என்று வாசகர் தாண்டிப்போய்விடுவார். ரஷ்ய மூலத்தில் அங்கே உளறலே இல்லை. முதலில் வரும் சொல் ‘பேத்னஸ்த்’. அடுத்து இரண்டு முறை வருவது ‘நிஷ்ஷெத்தா’. இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியிலிருந்து விழுந்தவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

‘பேத்னஸ்த்’ எளிய சொல். ‘பெதா’ என்றால் இடர், கேடு. அதிலிருந்து ‘பேத்னி’ என்னும் பெயரடை: ஏழை என்றும் பொருள், ‘பாவம், அவன்’ என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பொருளும் உண்டு. 1846-இல் வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது; ‘ஏழை மக்கள்’ என்றும் ‘பாவப்பட்ட ஜனங்கள்’ என்றும் ஒரே நேரத்தில் அது ஒலிக்கும். ‘பேத்னஸ்த் இழுக்கல்ல’ என்பது ரஷ்யர்களின் பழமொழி. மார்மெலாதோவ் அந்தப் பழமொழியைக் கையிலெடுத்து, ஒப்புக்கொண்டு, பிறகு அதற்குக் கீழே தோண்டுகிறார்.

‘இழுக்கு’ என்று நான் எழுதிய இடத்தில் உள்ள சொல் ‘பரோக்’. தீயொழுக்கம், குறைபாடு இரண்டுக்கும் அதுதான். பிறவி இதயக் கோளாற்றைக்கூட ரஷ்ய மருத்துவர்கள் இதயத்தின் ‘பரோக்’ என்றே சொல்கிறார்கள். ‘குற்றம்’ என்று போட்டால் நாவலின் தலைப்போடு மோதும். ‘பாவம்’ என்றால் வேறு திசைக்குப் போய்விடும். இழுக்கு போதும். இன்னொரு நுணுக்கம்: மார்மெலாதோவ் வெறுமனே ‘பரோக்’ என்று சொல்வதில்லை, ‘பரோக்-ஸ்’ என்கிறார். அந்த ஒற்றை ‘ஸ்’, ‘ஐயா’ என்று பொருள்படும் ஒரு சொல்லின் தேய்ந்த மிச்சம். மேலதிகாரிகளிடமும் கனவான்களிடமும் கைகட்டிப் பேசுபவர்களின் வாயில் சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொள்ளும். நம் பேச்சில் வரும் ‘ங்க’ போன்றது என்று சொல்லலாம்; ஆனால் நம் ‘ங்க’வில் குழைவு மட்டும் இருக்கிறது, அந்த ‘ஸ்’ஸில் முதுகு வளைவதும் தெரிகிறது. தன் இழிவை அறிவிக்கும் சொல்லுக்கே மரியாதை விகுதி சேர்த்துப் பேசுகிறார் மனிதர்.

இனி ‘நிஷ்ஷெத்தா’. ‘நிஷ்ஷி’ என்பவன் பிச்சைக்காரன். அவன் நிலை நிஷ்ஷெத்தா. பழைய ஸ்லாவிய மொழியிலிருந்தே இந்தச் சொல் வருகிறது. சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இதற்கு உறவாகக் காட்டுவது சமஸ்கிருதத்தின் ‘நிஷ்ட்ய’: வெளியாள், அந்நியன், ஊருக்குப் புறம்பானவன். அந்த உறவு சரியென்றால் பிச்சை இந்தச் சொல்லுக்குள் பிறகுதான் நுழைந்திருக்கிறது. முதலில் இருந்தது வெளியே நிற்பது.

மார்மெலாதோவின் அடுத்த வாக்கியத்தைப் படித்தால் அவர் இந்த வேர் தெரிந்து பேசுகிறாரோ என்று தோன்றும். பேத்னஸ்த்தில் இருக்கும்வரை பிறவியிலேயே வந்த உயர்ந்த உணர்வுகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நிஷ்ஷெத்தாவில் எவராலும் ஒருபோதும் முடியாது என்கிறார். நிஷ்ஷெத்தாவுக்காக ஒருவனைத் தடியால் அடித்துத் துரத்துவதில்லையாம்; அவமானம் கூடட்டும் என்று மனிதக் கூட்டத்திலிருந்து துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுகிறார்களாம். அது நியாயம்தான், என்னை அவமதிக்க முதலில் தயாராக இருப்பவன் நானே என்றும் சேர்த்துக்கொள்கிறார். தடி அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் மனிதர்களாக வைத்திருக்கிறது. துடைப்பம் குப்பைக்கு உரியது.

வள்ளுவரும் இதே இடத்துக்கு வந்திருக்கிறார். ‘அறஞ்சாரா நல்குரவு ஈன்றதா யானும் பிறன்போல நோக்கப் படும்.’ பெற்றவளே அயலானைப்போலப் பார்க்கும் நிலை. ‘பிறன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள், ‘நிஷ்ட்ய’ வேறென்ன?

ஆனால் இதே நிஷ்ஷி என்ற சொல்லுக்குக் கோயிலுக்குள் வேறு முகம். மலைப்பிரசங்கத்தின் முதல் பேறு ரஷ்ய விவிலியத்தில் ‘ஆவியில் நிஷ்ஷியாய் இருப்பவர்கள் பாக்கியவான்கள்’ என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் அங்கே நிற்பது கூலிவேலை செய்து பிழைக்கும் ஏழையைக் குறிக்கும் ‘பெனேஸ்’ அல்ல, ஒடுங்கி நின்று கையேந்துபவனைக் குறிக்கும் ‘ப்தோகோஸ்’. தமிழ் விவிலியம் ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள்’ என்று எழுதியபோது அந்தக் கை மறைந்துபோயிற்று. எளிமை அழகான சொல், மறுக்கவில்லை. கதர் கட்டிய தலைவருக்கும் அதைச் சொல்கிறோம் என்பதுதான் சிக்கல். ரஷ்ய வாசகனின் காதில் நிஷ்ஷி என்றதும் வசையும் ஆசியும் சேர்ந்து விழுகின்றன.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?

‘ஏழ்மை’ போதாது. ‘ஏழை’ பழந்தமிழில் அறிவிலியையும் குறித்தது. ‘ஏமுற் றவரினும் ஏழை’ என்ற குறளில் அதுதான் பொருள். இன்றைக்கு அது பேத்னஸ்த்துக்குச் சரியாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும். ‘வறுமை’ வறட்சியோடு பிறந்தது. இல்லாமையைச் சொல்கிறது, விரட்டப்பட்டதைச் சொல்வதில்லை. திருக்குறளில் நல்குரவுக்கு, அதாவது வறுமைக்கு, ஓர் அதிகாரம், அடுத்து இரவுக்கு, அதாவது இரத்தலுக்கு, ஓர் அதிகாரம், அதற்கடுத்து இரவச்சம். இந்தப் படிக்கட்டு மார்மெலாதோவுடையதேதான். பசுவுக்குத் தண்ணீர் கேட்டு இரந்தாலும் நாவுக்கு அதைவிட இழிவு இல்லை என்கிற குறளை அவர் கேட்டிருந்தால் மேசையில் தட்டி ஆமோதித்திருப்பார். ஆனால் ‘இரவு’ என்று இன்று எழுதினால் விளக்கேற்ற வேண்டியிருக்கும்.

1914-இல் கான்ஸ்டன்ஸ் கார்னெட் ஆங்கிலத்தில் பிச்சையெடுத்தலைக் குறிக்கும் சொல்லையே போட்டார். தமிழில் அதைப் பின்பற்றிப் ‘பிச்சைக்காரத்தனம்’ என்றால் கஞ்சனைத் திட்டுவதுபோல் ஆகிவிடும். தவிர, மார்மெலாதோவ் தெருவில் தட்டேந்தி நிற்பவரும் அல்லர்.

ஆளைக் குறிக்க நம்மிடம் ஓர் அசல் சொல் இருக்கிறது: பரதேசி. பிற தேசத்தான் என்று தொடங்கியது, ஊர் ஊராகத் திரியும் துறவியாயிற்று, கையேந்துபவனாயிற்று, கடைசியில் வசையாயிற்று. வெளியாள், புனிதன், பிச்சைக்காரன், வசவு என்று நிஷ்ஷி வைத்திருக்கும் அத்தனையையும் இதுவும் வைத்திருக்கிறது. இரு மொழிகள் தொடர்பே இல்லாமல் ஒரே வழியில் நடந்து வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நிலையைக் குறிக்கும் நிஷ்ஷெத்தாவுக்கு என் தேர்வு ‘போக்கற்ற நிலை’. காரணத்தை மார்மெலாதோவே தருகிறார். அதே உரையில், போவதற்கு இனி எந்த இடமும் இல்லாத நிலை என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா ஐயா என்று கேட்கிறார். ஒவ்வொரு மனிதனுக்கும் போவதற்கு எங்காவது ஓர் இடம் இருக்கவேண்டும் அல்லவா என்கிறார். ‘போக்கற்றவன்’ என்று நம் வீடுகளில் திட்டும்போது இந்த இரண்டும் இருக்கின்றன: போக்கிடம் இல்லை, மதிப்பும் இல்லை. எனவே வாக்கியம் இப்படி வரலாம்: “ஐயா, ஏழ்மை இழுக்கல்ல, அது உண்மை. ஆனால் போக்கற்றுப்போவது, ஐயா, போக்கற்றுப்போவது இழுக்குதானுங்க.” அந்த ‘ங்க’வைப் பதிப்பாசிரியர் வெட்டினால் சண்டை போடுவேன்.

இதே பேச்சில் இன்னொரு சொல்லும் வருகிறது, அதை விட்டுவிட்டு நகர முடியாது. கிடைக்காது என்று தெரிந்தே கடன் கேட்கப் போவதைப் பற்றிச் சொல்லும்போது, இரக்கப்பட்டாவது தருவார்களா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். புதிய சிந்தனைகளைப் பின்தொடரும் லெபெஸியாத்னிகோவ் அண்மையில் விளக்கினாராம்: இந்தக் காலத்தில் ‘சஸ்த்ரதானியே’ அறிவியலாலேயே தடைசெய்யப்பட்டிருக்கிறது, அரசியல் பொருளாதாரம் இருக்கும் இங்கிலாந்தில் அப்படித்தான் நடக்கிறது. 1860-களின் ரஷ்ய இளைஞர்கள்மேல் தஸ்தயேவ்ஸ்கி வைக்கும் குத்தல் இது. ‘ஸ’ என்றால் உடன், ‘ஸ்த்ரதானியே’ என்றால் துன்பப்படுதல், உடன் துன்புறுதல். ‘அனுதாபம்’ எழுதத் தோன்றும். சமஸ்கிருதத்தில் அது செய்ததற்கு வருந்துவது. தமிழில் இரங்கல் செய்தியோடு சுருங்கிவிட்டது. ‘பரிவு’ சரி. ‘பரிந்தோம்பி’ என்று வள்ளுவர் எழுதும்போது ‘பரிந்து’ என்பதற்கு ‘வருந்தி’ என்றே பொருள், பரிபவனும் நோகிறான். ரஷ்யச் சொல் கேட்பதும் அதைத்தான்.

ரஷ்ய மொழியில் இதற்குத் தங்கையாக ‘ஜாலஸ்த்’ என்று இன்னொன்று உண்டு. துயரும் இரக்கமும் கலந்த அன்றாடச் சொல். இதற்கு ‘இரக்கம்’ போதும். பரிவு நீடிப்பது, இரக்கம் ஒரு கணத்தில் சுரந்து வற்றிவிடக்கூடியது. மார்மெலாதோவை வீட்டில் கொண்டுவிட்ட ரஸ்கோல்னிகோவ், சாராயக்கடையில் மாற்றிய ரூபிளில் மிஞ்சிய செப்புக்காசுகளை யாரும் பார்க்காமல் சன்னலில் வைத்துவிட்டு வருகிறான். மாடிப்படியில் இறங்கும்போதே, என்ன மடத்தனம், அவர்களுக்கு சோனியா இருக்கிறாள், எனக்கே காசு வேண்டும் என்று நினைக்கிறான். மார்மெலாதோவின் மகளான அந்த சோனியா உடம்பை விற்று முதன்முதலில் கொண்டுவந்தது 30 ரூபிள். அவள் கையில் கடைசியாக இருந்த 30 கோபெக்கை அன்று தகப்பன் வாங்கிக் குடித்தாயிற்று.

ரஸ்கோல்னிகோவ் செய்யும் கொலைக்குப் பிறகு, நிஷ்ஷியும் ஜாலஸ்த்தின் வேரிலிருந்து பிறந்த ஒரு வினைச்சொல்லும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. நிக்கலாயெவ்ஸ்கி பாலத்தில் நடுவழியில் நினைவின்றி நடக்கும் ரஸ்கோல்னிகோவை ஒரு வண்டிக்காரன் முதுகில் சாட்டையால் விளாசுகிறான். கைப்பிடிச் சுவரோரம் நின்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ கையில் காசைத் திணிக்கிறார்கள். தலையில் துணி கட்டிய வயதான வணிகர் வீட்டு அம்மாள். பக்கத்தில் தொப்பியும் பச்சைக் குடையுமாக ஒரு பெண், மகளாக இருக்கலாம். “வாங்கிக்கோப்பா, கிறிஸ்துவின் பெயரால்.” 20 கோபெக் வெள்ளிக்காசு. உடையையும் தோற்றத்தையும் பார்த்து அவனை ஒரு நிஷ்ஷி என்று நினைத்திருக்கலாம் என்கிறது நாவல். முழுதாக 20 கோபெக் கிடைத்ததற்குக் காரணம், அவர்களிடம் ஜாலஸ்த்தைக் கிளப்பிவிட்ட அந்தச் சாட்டையடிதான் என்றும் சொல்கிறது.

நான் எழுதினால்: “அவர்கள் அவனை ஒரு பரதேசி என்று எண்ணியிருக்கலாம். முழு 20 கோபெக் கிடைத்தது அந்தச் சாட்டையடியால்தான். அதுதான் அவர்கள் மனத்தை இரங்கவைத்தது.” இங்கே ‘பரிவு’ வரக்கூடாது. அம்மாளும் மகளும் ஏற்கெனவே நடந்து போய்விட்டார்கள். அவன் உள்ளங்கையை விரித்துக் காசை உற்றுப் பார்க்கிறான், கையை ஓங்கி அதை நேவாவில் எறிகிறான், வீட்டை நோக்கித் திரும்புகிறான். எல்லோரிடமிருந்தும் எல்லாவற்றிலிருந்தும் தன்னைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டதுபோல் இருந்தது அவனுக்கு.