வலப்பக்கம் பெருத்த இதயமும் கண்ணுக்குத் தப்பும் ஓட்டையும்

நல்லூர் வீதியை முன்பு மூன்று தரம் சுற்றியவருக்கு நாற்பது வயதில் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்குகிறது. முட்டு வருத்தம் என்று பம்ப் கொடுக்கிறார்கள், குறையவில்லை. எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கையில் ‘வல இதயவறை பெருத்துள்ளது, ஓட்டை தென்படவில்லை’ என்று வருகிறது. இந்த வரியோடு கோப்பை மூடிவிடக் கூடாது. வல இதயவறை, அதாவது குருதியைச் சுவாசப்பைக்குத் தள்ளும் கீழறை, காரணமில்லாமல் பெருக்காது.

இதயத்தின் மேலறைகளான சோணையறைகளுக்கு நடுவே பிறவியில் வரும் ஓட்டைகளில் பெரும்பாலானவை பிரிசுவரின் நடுவில் இருக்கும். நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் ‘சைனஸ் வெனோசஸ்’ வகை. இவற்றில் அதிகமானவை, உடம்பின் மேற்பாதிக் குருதியைக் கொண்டுவரும் மேற்பெருநாளம் வல சோணையறைக்குள் இறங்கும் வாயில், பின்புறமாக ஒதுங்கி இருக்கும். கூடவே, இடப்பக்கம் சேரவேண்டிய வலது சுவாசப்பையின் மேல் நாளமும் அநேகமாக மேற்பெருநாளத்திலேயே வந்து திறக்கும். ஒட்சிசன் ஏற்றிய குருதி உடம்புக்குப் போகாமல் மறுபடி சுவாசப்பைக்கே சுற்றுகிறது. இளவயதில் வல இதயவறை இதைத் தாங்கிவிடும். வயதும் பிரஷரும் ஏறி இட இதயவறை விறைக்கும்போது, இடமிருந்து வலம் போகும் இந்த ஒழுக்கு கூடுகிறது. களைப்பும் படபடப்பும் நடுவயதில் தலைகாட்டுவது அதனால்தான்.

நெஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவுக்கு அந்த மூலை எட்டாது. ஆனால் தடயங்கள் உண்டு. இதயத்தின் இரண்டாம் ஒலி இரண்டாகப் பிரிந்து கேட்கும்; மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்த இடைவெளி மாறாது. ஈசிஜியில் இரண்டாம், மூன்றாம் லீட்களில், சோணையறைத் துடிப்பைக் காட்டும் பி அலை தலைகீழாக நிற்கலாம். 9 மில்லிலீற்றர் சலைனையும் 1 மில்லிலீற்றர் காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே வேகமாக அங்குமிங்கும் தள்ளிக் கலக்கி, கை நாளத்தில் ஏற்றலாம். மூன்று துடிப்புக்குள் எக்கோவில் இடப்பக்கம் குமிழி தெரிந்தால் இரு பக்கத்துக்கும் நடுவே வழி இருக்கிறது. தெரியாவிட்டாலும் ஓட்டை இல்லை என்று சொல்ல முடியாது, ஒழுக்கின் திசை இடமிருந்து வலம் அல்லவா. உணவுக்குழாய் வழி எக்கோவும் சி.ரி. ஸ்கானும்தான் முடிவு சொல்லும்.

மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திக் குருதி எடுக்கும் கதீற்றர் பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. தொகுதிப் பெருநாடியிலும் சுவாசப்பை நாளத்திலும் ஒட்சிசன் 98%, சுவாசப்பை நாடியில் 84%, கீழ்ப்பெருநாளத்தில் 76% என்று வைப்போம். மேற்பெருநாளத்தில் உயரமான இடத்தில் எடுத்த குருதி 68% என்றால், அதை மூன்று மடங்காக்கிக் கீழ்ப்பெருநாளத்தோடு கூட்டி நான்கால் வகுக்க 70 வரும்; உடம்பிலிருந்து திரும்பும் குருதியின் சராசரி இது. 98இல் 70 போக மிஞ்சும் 28ஐ, 98இல் 84 போக மிஞ்சும் 14ஆல் வகுக்க, உடம்புக்குப் போவதைப்போல் இரண்டு மடங்கு குருதி சுவாசப்பைக்குப் போகிறது என்று தெரியும். வழிதவறிய நாளம் சேரும் இடத்துக்குக் கீழே எடுத்தாலோ மேற்பெருநாளம் 80% காட்டும், கணக்கு 1.4க்கு இறங்கிவிடும். மூடுவதற்கான வழமையான எல்லை 1.5. திருத்தவேண்டிய இதயம் தப்பிப்போய்விடும்.

குடை போன்ற மூடியை இங்கே பொருத்த முடியாது, பிடிக்க விளிம்பே இல்லை. வார்டன் முறைச் சத்திரசிகிச்சையில் மேற்பெருநாளத்தை வெட்டி, மேல்துண்டை வல சோணையறையின் மடலோடு தைப்பார்கள்; கீழ்த்துண்டின் குருதியை ஒட்டுத்துணியால் ஓட்டைவழி இடப்பக்கம் திருப்புவார்கள். அமைப்பு இடங்கொடுத்தால் துணி போர்த்திய ஸ்ரென்ட்டை (கம்பி வலைக்குழாயை) மேற்பெருநாளத்தில் வைத்தும் இதைச் செய்யலாம். முதலில் பலூனை ஊதி, சுவாசப்பை நாளம் அடைபடவில்லை என்று உறுதிசெய்வது கட்டாயம். சுவாசப்பை நாடியின் அழுத்தம் மிக ஏறி ஒழுக்கு திசைமாறிவிட்டவருக்கு மூடவே கூடாது. வலப்பக்கத்தின் ஒரே வடிகாலை அடைப்பதாகிவிடும்.

போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் பழைய ஈசிஜி, எக்கோ அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். திருத்தியபின் முகமும் கழுத்தும் வீங்கினால் மேற்பெருநாளம் ஒடுங்கியிருக்கலாம். நாடித்துடிப்பு மந்தமானால் துடிப்பைத் தொடக்கும் கணு பழுதாகியிருக்கலாம். இரண்டுக்கும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்கப் போனால், இதயத்தில் ஒட்டுப் போட்டதை முன்கூட்டியே சொல்லி அன்ரிபயொட்டிக் எடுத்த பிறகே கதிரையில் இருங்கள்.