உறையைக் கிழித்தால் எழும் நாற்காலி

1969-இல் இத்தாலியில் 'அப் 5' என்ற நாற்காலியை வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தட்டையான பொட்டலம். பிவிசி பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் உள்ளே சுருண்டு கிடந்தது மெல்ல உப்பி, மடிப்பு மடிப்பாக விரிந்து, பெண்ணுடலின் வளைவுகளோடு ஒரு பெரிய இருக்கையாக எழும். கயெதானோ பெஷே வடிவமைத்தது. சி அண்ட் பி இத்தாலியா தயாரித்தது. குளிக்கும்போது கையில் இருந்த ஸ்பாஞ்சிலிருந்துதான் யோசனை வந்தது என்று பெஷே சொல்லியிருக்கிறார்.

உள்ளே மரச்சட்டமோ இரும்புக் கம்பியோ கிடையாது. முழுக்க பாலியூரித்தேன் நுரை. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, புளித்த மாவு போலக் கலவை பொங்கும். அது இறுகும்போது குமிழ்களின் மெல்லிய சுவர்கள் உடைந்து ஒன்றுக்கொன்று வழி திறந்துவிடும். மிஞ்சுவது நார் நாரான ஒரு வலை. மெத்தென்ற இந்த வகை நுரையின் கனஅளவில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றுதான்.

காற்றை உறிஞ்சி எடுத்தால் என்ன ஆகும்? வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளக் காற்று இல்லாததால் நார்கள் வளைந்து மடங்கும். அப்படித்தான் இந்த நாற்காலி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. காற்றில்லாமல் அடைத்த காபித்தூள் பாக்கெட் செங்கல் மாதிரி இறுகியிருப்பதும் இதனால்தான். உறை கிழிந்ததும் காற்று உள்ளே நுழைய, மடங்கிய நார்கள் வில்லைப் போல நிமிரும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்து கையை விட்டுப் பாருங்கள், அதேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பே, 1967-இல், ஸனோட்டா நிறுவனம் 'ப்ளோ' என்ற ஊதும் நாற்காலியை விற்றது. அதில் பிவிசி தோல் காற்றை அடைத்து வைத்திருக்க வேண்டும்; ஓட்டை விழுந்தால் போச்சு. அப் 5-க்கு அந்தக் கவலையே இல்லை. காற்று வரலாம், போகலாம்; வடிவத்தைத் தாங்குவது நுரையின் வலை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான்.

கூடவே கயிற்றில் கட்டிய ஒரு பந்தும் உண்டு, கால் வைத்துக்கொள்ள. கைதியின் காலில் மாட்டும் இரும்புக் குண்டுதான் அது. பெண்கள் சிறைப்பட்டிருக்கிறார்கள் என்று பெஷே சொன்ன விதம் அது. 2000-இல் மறுபடி தயாரித்தபோது நாற்காலி முழு உருவத்திலேயே வந்தது. எனக்கு அது பாதி நாற்காலிதான். உறையைக் கிழித்து, அது எழுவதைப் பார்க்க வேண்டாமா?