35 நாற்காலி, 25 பென்ஷன்

தபால்காரர் கைரேகைக் கருவியைத் திண்ணையில் வைத்தார். பெரியப்பா கட்டைவிரலை வேட்டியில் துடைத்து அழுத்தினார். மூன்றாம் தடவைதான் ரேகை ஏறியது. உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று, கட்டணம் 70 ரூபாய். "வாத்தியார் வேலை பார்த்தது 33 வருசம், பென்சன் வாங்குதது 30 வருசம். இன்னும் மூணு வருசம் கெடந்தா சரிக்குச் சரிடே!" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு அதுதான். ஓர் அலுவலகத்தில் 35 நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். 25 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு. வருடத்துக்கு ஒருவர் வெளியே போக, ஒருவர் உள்ளே வருகிறார். போனவர் பத்து வருடம் இருந்தால், எப்போது எண்ணினாலும் பென்ஷன்காரர்கள் 10 பேர். 25 வருடம் இருந்தால் 25 பேர். ஒரு நாற்காலிகூடப் புதிதாகப் போடவில்லை; ஆயுள் நீண்டதிலேயே பட்டியல் இரண்டரை மடங்கு. இதற்கு மேல் அகவிலைப்படி, ஊதியக்குழு உயர்வு, 80 தாண்டினால் 20 சதவீதம் கூடுதல், அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம்.

தமிழக அரசு 2020இல் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கியது, 2021இல் 60. பணிக்காலத்தைக் கூட்டி ஓய்வுக்காலத்தைக் குறைத்தால் இந்த விகிதம் இறங்கும், ஓய்வுபெறும்போது தரவேண்டிய மொத்தத் தொகையும் தள்ளிப்போகும். தேர்வெழுதிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கும் வேலை தள்ளிப்போனது, அது வேறு வயிற்றெரிச்சல்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பழைய ஓய்வூதியம் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய் மாதிரி. ஓடுகிற தண்ணீரை அணைக்கட்டில் திருப்பி அப்படியே வயலுக்கு விடுவது. பெரியப்பா வாங்குவது அவர் சேர்த்த பணமல்ல, இன்று நாம் கட்டும் வரி. ஆற்றில் வரத்து இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் மக்கள்தொகை குறையாமலிருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும்; 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அது 1.8தான். 2011இல் 60 தாண்டியவர்கள் பத்தில் ஒருவர். 2031இல் ஏறக்குறைய 18 சதவீதம் என்பது கணிப்பு. மேலே வரத்து குறைய, கீழே வயல் விரிகிறது.

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்புத் திட்டம் குளத்துப் பாசனம். ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம் போட்டுத் தேக்குவது. அதிலும் சிக்கல். குளம் பெருகும்வரை கால்வாய்க்காரருக்கும் தண்ணீர் விட்டாக வேண்டும். அரசுக்கு இரட்டைச் செலவு. விலைவாசி வெயில் மாதிரி உறிஞ்சும். அப்புறம், குளம் நிறைந்து கிடந்தாலும் நாற்று நட ஆள் வேண்டுமே! கிழவர்கள் எப்படிச் சேமித்தாலும், அவர்கள் சாப்பிடும் அரிசியை அன்றைக்கு இளையவர்தான் விளைவிக்கிறார். இந்த விஷயத்தைப் பென்ஷன் விவாதத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

இவ்வளவும் அரசு வேலை பார்த்தவர்கள் கதை. எதிர்வீட்டு ஆச்சி முக்கூடலில் முறம் நிறைய இலை வைத்து நாற்பது வருடம் பீடி சுற்றியவள். பி.எஃப். பென்ஷன் கணக்கு: சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பீடிக் கூலிக்கு அது எவ்வளவு தேறும்? ஆகவே 2014இல் வைத்த குறைந்தபட்சம் 1000 ரூபாய். இதற்கு அகவிலைப்படி கிடையாது. பி.எஃப். பிடிக்காமலே சுற்றியவர்களுக்கு, ஆதரவும் இல்லையென்றால், முதியோர் பென்ஷன்: 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது, 2023இல் 1200 ஆனது. முதுமையின் சுமை என்று நிதிநிலை அறிக்கையில் பேசப்படுவதில் பெரும்பங்கு பெரியப்பாவினுடையது. ஆச்சியினுடையது இன்னும் சரியாகக் கணக்கிலேயே ஏறவில்லை. ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தபால்காரர் அங்கேயும் போனார். இலையும் கத்தரியும் தேய்த்த விரலில் ரேகை விழவில்லை. செல்போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கண்ண ஒருக்கா மூடித் தெறங்க, ஆச்சி."