வால்வு மாற்றினால் காதில் என்ன மாறுகிறது

வீட்டிலேயே ஹெட்ஃபோன் ஆம்ப் கட்டுகிறவர்கள் கட்டி முடித்ததோடு நிற்பது அபூர்வம். சாலிடரிங் ஓய்ந்த கையோடு வால்வு, அதாவது சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், தேடல் தொடங்கிவிடும். வால்வு என்னவோ ஒரே 12ஏயூ7 வகைதான். ஆனால் இங்கிலாந்தின் முல்லார்ட், ஜெர்மனியின் டெலிஃபங்கன், அமெரிக்காவின் ஆர்சிஏ, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது என்று மேசை டிராயர் நிரம்பிவிடும். ஒன்றில் குரல் இனிக்கிறது, இன்னொன்றில் பாஸ் கனமாக இருக்கிறது என்பார்கள். வால்வை மாற்றினால் ஒலி மாறும் என்பது உண்மை. ஆனால் மாற்றத்தின் பெரும்பகுதி கண்ணாடியில் அச்சிட்ட பெயரிலிருந்து வருவதில்லை. எங்கிருந்து வருகிறது என்பது கொஞ்சம் கணக்குப் போட்டாலே தெரியும்.

பேச ஒரு நிஜ சர்க்யூட் வேண்டும். அமெரிக்காவின் பாட்டில்ஹெட் நிறுவனம் விற்கும் 'கிராக்' என்ற கிட்டை எடுத்துக்கொள்வோம். உதிரி பாகங்களை வாங்கி நாமே கட்டுவது. அதில் இரண்டே வால்வுகள். சிறியது 12ஏயூ7, அதாவது ஐரோப்பியர்களின் இசிசி82. சிக்னலின் மின்னழுத்தத்தைப் பெருக்குவது இதன் வேலை. பெரியது 6080, பெருக்கியதை ஹெட்ஃபோனுக்குத் தள்ளும் மின்னோட்டத்தை இது தருகிறது. ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் இரண்டு ட்ரையோடுகள் (மூன்று மின்முனைகள் கொண்ட பெருக்கிகள்) இருப்பதால் ஒரு பாதி இடது காதுக்கு, மறுபாதி வலது காதுக்கு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது.

ட்ரையோடுக்குள் நடப்பது எளிமையான விஷயம். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூசிய கேத்தோடை ஹீட்டர் சுமார் 700, 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. சூட்டில் எலெக்ட்ரான்கள் வெளியேறி, வெற்றிடத்தைக் கடந்து, நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் ஆனோடை நோக்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, கிரிட். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் சேர்த்தது இதைத்தான். மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் வாய்க்கால் முழுவதும் நீர் கூடுவதுபோல, கிரிட்டில் ஒரு வோல்ட் அசைந்தால் ஆனோடில் பல வோல்ட் அசையும்.

ஒரு ட்ரையோடின் குணத்தை மூன்று எண்கள் சொல்லிவிடும். பெருக்கு எண், கிரிட்டின் ஒரு வோல்ட்டுக்கு மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்கிற அளவு, உள் மின்தடை. பின்னிரண்டையும் பெருக்கினால் முதலாவது வந்துவிடும். 12ஏயூ7-க்குப் பெருக்கு எண் 17 முதல் 20 வரை, உள் மின்தடை 7,000 ஓம் அளவில். ஆனோடில் 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால் கையில் கிடைக்கும் கெயின், அதாவது நிஜப் பெருக்கம், ஏறத்தாழ 14 மடங்கு.

இப்போது அதே சாக்கெட்டில் 12ஏடி7-ஐச் செருகுகிறோம் என்று வையுங்கள். பின் அமைப்பு ஒன்றே, ஹீட்டர் ஒன்றே, பொருந்திவிடும். ஆனால் அதன் பெருக்கு எண் 60. கெயின் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். வால்யூம் குமிழைத் தொடாமலே ஒலி கணிசமாக உரத்துப்போகும். உரக்கக் கேட்பது நமக்கு எப்போதும் 'தெளிவாக', 'உயிரோட்டமாக'த்தான் படும். ஒரு டெசிபல் வித்தியாசத்தைச் சத்தத்தின் வித்தியாசம் என்று காது பிரித்தறியாது; தரத்தின் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளும். வால்வு விமர்சனங்களில் பாதி இங்கேயே அடிபட்டுப்போகும் என்பது என் கணிப்பு.

அதோடு முடியவில்லை. கிராக்கில் 12ஏயூ7-இன் ஆனோடு, கப்பாசிட்டர் எதுவும் இல்லாமல், 6080-இன் கிரிட்டோடு நேரடியாக இணைந்திருக்கிறது. முதல் வால்வின் பயாஸ் நிலை (சிக்னல் இல்லாதபோது அது நிற்கும் நிலை) இடம் மாறினால் இரண்டாவதும் கூடவே மாறும். 12ஏடி7 அதே பயாஸில், அதாவது அதே கிரிட் மின்னழுத்தத்தில், குறைவான மின்னோட்டத்தையே இழுக்கும். அதனால் ஆனோடின் மின்னழுத்தம் ஏறும், 6080-இன் கிரிட்டும் கேத்தோடும் சேர்ந்து மேலே போகும், அது வேலை செய்யக் கிடைக்கும் மின்னழுத்த இடைவெளி சுருங்கும். உரத்த இடங்களில் அலையின் ஒரு முனை மழுங்கத் தொடங்கும். இது வேறு வகை வால்வைச் செருகியதன் விளைவு. அதே 12ஏயூ7-இல் இரண்டு நிறுவனத் தயாரிப்புகளுக்கு நடுவே நிலை இவ்வளவு நகராது. ஆனால் பழையதாகி, எலெக்ட்ரான் வரத்து குறைந்த வால்வு என்றால் நகரும். 'பழைய வால்வின் மிருதுவான ஒலி' சில நேரம் தேய்ந்த வால்வின் ஒலியாகவும் இருக்கலாம்.

சரி, அந்தப் பேர்பெற்ற வால்வு 'இனிமை' எங்கே? ட்ரையோடில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை; அதன் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. சைல்டு, லாங்மியூர் இருவரும் 1911, 1913-இல் கண்டுசொன்ன விதி இது. கோடு வளைந்திருப்பதால் வெளியே வரும் அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சமமாக இருக்காது. அதனால் முதன்மையாகச் சேர்வது இரண்டாம் ஹார்மோனிக். 440 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் கூடவே கொஞ்சம் 880 வெளியே வரும். 440-ஐ ஷட்ஜமாக வைத்தால் 880 மேல் ஸ்தாயி ஷட்ஜம். சுருதிக்குள்ளேயே இருக்கிற ஒலி என்பதால் காதை உறுத்துவதில்லை. மூன்றாம் ஹார்மோனிக் மேல் ஸ்தாயி பஞ்சமம், அதுவும் பரவாயில்லை. ஏழு, ஒன்பது என்று மேலே போகப் போகத்தான் கரகரக்கும்.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. இரண்டாம் ஹார்மோனிக்கின் சதவீதம் சிக்னலின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்கும். 10 வோல்ட் ஆடும்போது 1 சதவீதம் என்றால் 1 வோல்ட்டில் 0.1 சதவீதம்தான். சென்ஹைசர் எச்டி600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒரு மில்லிவாட் கிடைத்தாலே 90 டெசிபலைத் தாண்டி ஒலிக்கும். அதற்குத் தேவை அரை வோல்ட்டைச் சற்றே தாண்டிய மின்னழுத்தம். பல பத்து வோல்ட் ஆடக்கூடிய 12ஏயூ7 இங்கே சோம்பலாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வழக்கமான சத்தத்தில் கேட்கும்போது முல்லார்டுக்கும் ஆர்சிஏவுக்கும் இடையிலான ஹார்மோனிக் வித்தியாசம் மிக மிகச் சிறியது. கிட்டார் ஆம்ப்பில் வால்வை அதன் எல்லைக்கே விரட்டுவதால் கதை வேறு. அங்கே பெற்ற பெயர்தான் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

பெரிய வால்வுக்கு வருவோம். என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது இதைத்தான். 6080 இசைக்காகப் பிறந்ததல்ல, பவர் சப்ளை ரெகுலேட்டர்களுக்காக வந்தது. பெருக்கு எண் வெறும் 2. ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், ஏறத்தாழ 16 வாட் வேண்டும். அத்தனையும் சில மில்லிவாட் இசைக்காக. இது கேத்தோடு ஃபாலோயராக (கேத்தோடிலிருந்தே சிக்னலை எடுக்கும் முறையில்) வேலை செய்யும்போது ஆம்ப்பின் அவுட்புட் மின்தடை ஏறத்தாழ 120 ஓம்.

எச்டி600 '300 ஓம்' என்று சொன்னாலும் எல்லா அதிர்வெண்ணிலும் அது 300 அல்ல. டயாஃப்ரம் இயல்பாகவே அதிரும் இடத்தில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி, 500-ஐத் தாண்டும். ஆம்ப்பின் 120 ஓமும் ஹெட்ஃபோனும் மின்னழுத்தத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்ஃபோனுக்கு 71 சதவீதம், 500 இருக்கும் இடத்தில் 81 சதவீதம். அதாவது பாஸ் பகுதியில் சுமார் ஒரு டெசிபல் மேடு. அகலமான மேடு என்பதால் காதுக்கு நன்றாகவே தெரியும். வால்வு ஆம்ப்பின் 'கதகதப்பு' என்று பலர் வர்ணிப்பதில் பெரும்பங்கு இது என்றே நினைக்கிறேன்.

இப்போது 6080-ஐ எடுத்துவிட்டு, அதே சாக்கெட்டில் அமரும் டங்-சால் 5998-ஐப் போடுவோம். அதன் பெருக்கு எண் 5-ஐத் தாண்டும், அவுட்புட் மின்தடை ஏறத்தாழ பாதியாகும். பாஸ் மேடு ஒரு டெசிபலிலிருந்து 0.6-க்கு இறங்கும், 'பாஸ் இறுக்கமாகிவிட்டது' என்பார்கள், அளவீடும் ஒத்துப்போகும். கூடவே மொத்தச் சத்தமும் மூன்று டெசிபல் அளவுக்கு ஏறியிருக்கும். 5998-க்குக் கிடைக்கும் புகழாரத்தில் எவ்வளவு அந்த மூன்று டெசிபலுக்குச் சேர வேண்டும் என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. இதே ஆம்ப்பில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் காதுக்கு வரும். எந்த வால்வும் அதைச் சரிசெய்யாது.

ஒரே வகைக்குள் ஒன்றுக்கு ஒன்று நிஜமாகவே வேறுபடுவது இரைச்சல். கேத்தோடு பூச்சின் தரம் சரியில்லாவிட்டால் தாழ்ந்த 'குர்ர்' கேட்கும். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே கசிவு இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம். கிரிட் கம்பிகள் தளர்ந்திருந்தால் பென்சிலால் தட்டியதும் காதில் 'டிங்' என்று மணியடிக்கும். ஹெட்ஃபோன் காதோடு ஒட்டியிருப்பதால் இவை ஸ்பீக்கரைவிட இதில் பல மடங்கு தெரியும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு வெளிறி வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது. அதைச் செருகவே வேண்டாம். ஒன்பது பின் இருக்கிறதே என்று 6டிஜே8 என்ற வேறு வகை வால்வை 12ஏயூ7 சாக்கெட்டில் திணிப்பதும் வேண்டாம். அதன் ஹீட்டர் இணைப்பு வேறு. 12.6 வோல்ட்டுக்குக் கம்பி போட்ட சாக்கெட் என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர் இரு மடங்கு மின்னழுத்தத்தில் எரிந்துபோகும். அப்புறம், உள்ளே 150 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஹைப்ரிட் போர்டுகள் தனிக் கதை. முன்னால் ஒரு வால்வு, பின்னால் மாஸ்ஃபெட் அல்லது ஓப்-ஆம்ப் என்ற சிலிக்கான் பாகம். அவுட்புட் மின்தடையைச் சிலிக்கானே தீர்மானிப்பதால் பாஸ் மேடு வராது. ஆனால் வால்வு 12 அல்லது 24 வோல்ட்டில் பட்டினி கிடப்பதால் வளைவு அதிகம், ஒரு வால்வுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமும் அதிகம். வால்வு மாற்றும் ஆசை உள்ளவர்களுக்கு இந்த மலிவு போர்டே அதிக வேடிக்கை காட்டும். பலவற்றில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி ஒன்றும் இருக்கும், ஹீட்டரின் ஒளி போதாது என்று.

இரண்டு வால்வுகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் சத்தத்தைச் சமன்செய்யுங்கள். 400 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, ஹெட்ஃபோனைச் செருகியபடியே அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தால் போதும். முதல் வால்வில் 0.500 வோல்ட் என்றால் இரண்டாவதிலும் 0.495-க்கும் 0.505-க்கும் நடுவே வரும்படி குமிழைத் திருப்புங்கள். வால்வு ஆறி, மாற்றி, மறுபடி சூடாகச் சில நிமிடங்கள் ஆகும். ஒலியின் நுணுக்கங்களைக் காது அவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்காது. அதனால் ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போதே இரண்டு வால்வுகளின் அவுட்புட்டையும் சவுண்ட் கார்டில் பதிவுசெய்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லுங்கள்.